ஷிப்ட் முடிந்த சிப்பாய்கள்

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
ஞாயிறு

அன்புள்ள உங்களுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், எரிச்சலைத் தவிர.

மிக எளிது என்று சொல்லி நீங்கள் அனுப்பிய போர் விளையாட்டின் விதிகளைப் படிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. இன்று கீழ்வீட்டுத் தர்ஷினிக்கும் அவள் தம்பி நவீனுக்கும் கற்றுக்கொடுத்தேன். பெற்றோர் இருவருக்கும் கம்பெனி வேலை. பாதிப் போரில் தர்ஷினி தன் சிப்பாய்களைப் பெட்டியில் போட்டாள்.

"ஏம்மா?"

"இவங்களுக்கு ஷிப்ட் முடிஞ்சிருச்சு ஆன்ட்டி."

"போர்ல ஷிப்டெல்லாம் கிடையாது."

"அப்ப ஓவர்டைம் குடுப்பீங்களா?" என்றான் நவீன். "இல்லன்னா என் ஆளுங்களும் வீட்டுக்குப் போறாங்க."

போர்க்களம் காலி. விதிப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரியும் இல்லை.

அடுத்த முறை அரைமணியில் முடிகிற, ஒரே பக்கத்தில் விதிகள் அடங்குகிற ஆட்டமாகத் தேர்ந்தெடுங்கள். இன்னொரு ஞாயிறும் இப்படி இழுத்தால் அவர்கள் மாடியேற மாட்டார்கள். இங்கே மாற்றலாகி வந்தபின் விடுமுறை நாளில் என்னோடு பேசுவது அவர்கள் மட்டும்தான்.

தண்ணீர் லாரி வந்துவிட்டது, முடிக்கிறேன். ஆட்டத்தைக் கூரியரில் போட வேண்டாம். எனக்குக் கூரியர்காரர்கள்மேல் நம்பிக்கை இல்லை. நீங்களே கொண்டுவாருங்கள்.

கலைவாணி