இடது பக்கத்து ஏழு ஆணிகள்

12 செப்டம்பர் 1943
ஞாயிற்றுக்கிழமை, மதியம்

ஆற்றை விட்டுக் கரையேறத் தெரியாத என் தவளைக்குட்டிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் நடமாடிக்கொண்டு இருக்கிறேன். உன் அப்பா உயிரோடு இருக்கிறார். அவரைப் பற்றி அதற்கு மேல் எடுத்ததும் எழுத வரவில்லை. கொஞ்சம் போகட்டும், சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

என் எழுத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம். நாலாம் வகுப்போடு பால் கறக்கப் போனவள். போன வருஷம் என் கடிதம் ஒன்றைத் திருத்தி, பத்துக்கு நாலு மார்க் போட்டு, கப்பலிலிருந்து திருப்பி அனுப்பினாயே, அந்தக் கொழுப்பு உனக்கு மட்டும்தான் வரும். அதை இன்னும் வைத்திருக்கிறேன். ஜனவரியில் நான் போட்ட கடிதமும் திரும்பி வந்தது. அதில் மார்க் இல்லை. கொடுக்க ஆளில்லை என்ற முத்திரைதான் இருந்தது.

வெட்டுவதற்கு முன்னால் கரும்புத் தோட்டங்களில் தீ வைக்கிற மாதம். துணி காயப்போட்டால் கரி வந்து விழுகிறது. உன் வெள்ளைச் சட்டையை இந்த வாரம் மூன்று முறை அலசினேன். பக்கத்து வீட்டு வினிஃப்ரெட் வேலிக்கு மேலே தலையை நீட்டி, ஏண்டி ஐவி, அது அழுக்காகவே இல்லையே, அதைப் போட்டு ஏன் இந்த அடி அடிக்கிற, அது உனக்கு என்ன பண்ணுச்சு என்றாள். அவள் வாய் உனக்குத் தெரியாதா. ஆனால் அரை மணி நேரம் கழித்து அவளே வந்து அதைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுப் போனாள்.

உன் கப்பலுக்குப் பேர் கொடுத்த கொரின்டேல் ஊர்ப் பெண்கள் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள். குளிக்கத் தண்ணி இல்லாத கோதுமைக்காட்டு ஊரோட பேரை வச்சு எங்களைக் கடல்ல விட்டிருக்காங்கம்மா என்று நீ எழுதியிருந்தாயே, அந்த ஊர்தான். உங்களுக்குக் காலுறை பின்னி அனுப்பினார்களே, வலது கால் முழங்கால் வரைக்கும், இடது கால் கணுக்கால் வரைக்கும் என்று சிரித்தாயே, அவர்கள்தான். கப்பல் முழுகின செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் திரும்பி வராதவர்கள் பேரையெல்லாம் நின்றுகொண்டே வாசித்தார்களாம். கடலைக் கண்ணால் பார்க்காத பெண்கள் உனக்காக அழுதிருக்கிறார்கள். நன்றி என்று ஒரு வரி எழுதிப் போட்டேன். அதற்கு மேல் என்ன எழுத, சொல்லு.

கிளெம் வந்திருந்தான். உன்னோடு பாய்லர் அறையில் வேலை பார்த்த அந்தச் சிவப்புத் தலையன். மூன்று வாரம் ஆகிறது. பிரிஸ்பேன் ஆஸ்பத்திரியிலிருந்து ரெண்டு நாள் லீவு கொடுத்தார்களாம், ரயிலேறி நேரே நம் வீட்டுக்கு வந்துவிட்டான். கை ரெண்டும் வெந்து புதுத்தோல் வந்திருக்கிறது, குழந்தையின் உள்ளங்கால் மாதிரி. கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. உன் அப்பா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தேநீரை ஆற்றி, அவன் வாயில் வைத்துக் கொடுத்தார். நான் பூசணிக்காய் ரொட்டி சுட்டிருந்தேன். ரேஷனில் வெண்ணெய்க் கூப்பன் தீர்ந்துவிட்டதால் வெறுமனேதான் வைத்தேன்.

உன்னைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவனுக்குச் சந்தோஷம். உங்க மகன் பெரிய பீத்தல் பேர்வழி மிஸஸ் ஹாலம், அதெல்லாம் ஒரு கப்பலா, துவைக்கிற தொட்டியில விட்டாக்கூட ஆடும், ஒவ்வொரு தடவை சாயறப்பவும் எங்க குடல் வாய்க்கு வந்துடும், இவன் மட்டும் இடப்பக்கத் தகட்டைக் குதிரையைத் தட்டற மாதிரி தட்டிக்குடுத்து, பயப்படாதீங்கடா, இது எங்கப்பன் அடிச்ச ஆணி, அசையாதும்பான் என்றான். சொல்லிவிட்டு உன் அப்பா முகத்தைப் பார்த்தான், சந்தோஷப்படுவார் என்று. அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

பிறகு அந்த நாளைப் பற்றிச் சொன்னான். நாங்கள் கேட்கவில்லை, அவனாகத்தான் சொன்னான். சொல்லத்தான் வந்திருக்கிறான், பாவம். ரெண்டு விமானம் வந்ததாம். முதல் குண்டு தூரத்தில் விழுந்ததாம். அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். ரெண்டாவது எங்கப்பா விழுந்துச்சு என்று கேட்டார். கப்பல்மேல விழவே இல்ல சார், அதுதான் கொடுமை, பக்கத்துல தண்ணியிலதான் விழுந்துச்சு, அந்த அதிர்ச்சியில இடப்பக்கம் தையல் பிரிஞ்ச மாதிரி பிரிஞ்சிடுச்சு, பாய்லருக்கு நேரா, எத்தனையோ கப்பல் அந்த மாதிரி அடியைத் தாங்கியிருக்கு, எங்க நேரம் என்றான்.

உன் அப்பா எழுந்தார். கிளெம் பாதி குடித்து வைத்திருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தார். கழுவிக்கொண்டே இருந்தார்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது நீங்கள் மூன்று பேர் கீழே இருந்தீர்களாம். ஏறுடா கிழவி, உனக்குப் பல்லக்கா வரும் என்று திட்டி, நீ கிளெமைப் பின்னாலிருந்து தோள் கொடுத்து ஏணியில் தள்ளினாயாம். மேல ஏறித் திரும்பிப் பாத்தேன் மிஸஸ் ஹாலம், ஏணி மட்டும்தான் இருந்துச்சு என்றான். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. நீ கீழே இருந்ததற்கு அவனை நான் குறை சொல்லவில்லை என்று மட்டும் வாசலில் வைத்துச் சொன்னேன். குனிந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் அனுப்பி வைத்தேன்.

அவன் போன பிறகு, வெயில் தாழும் நேரத்தில், உன் அப்பா என்னைக் கூப்பிட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார வைத்தார். தான் நின்றுகொண்டே சொன்னார்.

கப்பல் தகடுகளை இணைக்கிற ஆணியை அடுப்பிலிருந்து எடுத்துச் செக்கச் சிவந்திருக்கும்போதே அடித்துவிட வேண்டும், ஆறினால் துவாரத்தை நிறைக்காது, உள்ளே ஆடும். நம் வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும், சோறு போட்டதே அதுதான். உன் கப்பலுக்கு அவர் இடப்பக்கம் அடித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் அடுப்பு தணிந்துவிட்டதாம். வரிசையின் கடைசி ஏழு ஆணி ஆறிப்போய் வந்ததாம். தெரிந்தேதான் அடித்தாராம். சுத்தியலால் தட்டிச் சோதனை பார்க்கிறவருக்குச் சத்தத்தில் தெரியக்கூடாது என்று உளியை வைத்து ஓரத்தை அடித்து மூடினாராம். திங்கட்கிழமை வந்து ஏழையும் பிடுங்கிவிட்டுத் திரும்ப அடிக்கலாம் என்று இருந்திருக்கிறார். திங்கட்கிழமை அவரை வேறு கப்பலுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் வண்ணம் அடித்துவிட்டார்கள். லட்சம் ஆணியில் ஏழு ஆணிதானே என்று சும்மா இருந்துவிட்டாராம். நீ அந்தக் கப்பலுக்கே போவாய் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

உன்னை அதில் போட்டிருக்கிறார்கள் என்று கடிதம் வந்த அன்றைக்கு ஊரே வந்து அவர் முதுகில் தட்டிக்கொடுத்தது. அவர் மட்டும், தூண்கள்மேல் நிற்கிற நம் வீட்டுக்கு அடியில் போய் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பெருமையில் வாயடைத்துவிட்டது என்று நான் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

என்றைக்கு நடந்தது என்று கேட்டேன். போன வருஷம் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ஏதோ அவசரத்துல விட்டுட்டேன் ஐவி என்றார். எந்தச் சனிக்கிழமை என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டைப் படியில் வைக்கிறேன். பாதி வைத்துவிடுகிறார். வீட்டுக்கு அடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டார். கப்பல் பட்டறைக்கும் போகவில்லை. மேஸ்திரி டெய்ட் ரெண்டு தடவை வந்தார். என்னப்பா பெர்சி, ரெண்டு கப்பல் வெறும் எலும்பா நிக்குது, நீ இங்க கொசுவுக்கு ரத்தம் ஊத்திக்கிட்டு உக்காந்திருக்கியே என்று விளையாட்டாகப் பேசிப் பார்த்தார். நான் இனிமே சுத்தியலைத் தொட மாட்டேன் டெய்ட் என்றார் இவர். போகும்போது மேஸ்திரி என்னிடம் வந்து, நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கம்மா, இவன் கை மாதிரி கை இந்தப் பட்டறையில கிடையாது, அதுலயும் யார் பெத்த பிள்ளைங்களோதானே போகப்போகுது என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

நேற்று அப்பா படியின் அடியில் நின்று, மேலே பார்க்காமல் பேசினார். நீ என்னை மன்னிக்க வேணாம் ஐவி, நான் கேக்கவும் இல்ல, ஆனா இது தெரிஞ்சிருந்தா அவன் என்ன சொல்லியிருப்பான்னு மட்டும் சொல்லு, உனக்குத்தான் அவனைத் தெரியும், அதை வச்சுக்கிட்டு நான் மிச்சத்தைப் பாத்துக்கறேன் என்றார். மிச்சம் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. ஆறு பக்கத்தில் இருக்கிறது, ஆல்வின்.

இரவெல்லாம் யோசித்துவிட்டேன். இப்போது என் பங்கைச் சொல்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிச் சங்கு ஊதும் முன்னால் உன் அப்பா பட்டறையை விட்டு வந்தது அவர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். அந்தப் பிப்ரவரியில், நீ பயிற்சிக்கு ரயிலேறின அன்றைக்கு. அன்று காலையில் அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். வேலை இருக்கு, முடிஞ்சாதான் வருவேன்னு சொன்னார். பிள்ளை யுத்தத்துக்குப் போறான், உங்களுக்கு அந்த இரும்புதான் பெரிசா, ரயில் கிளம்பறதுக்குள்ள வரலைன்னா இந்த வீட்டுப் படி ஏறாதீங்க என்று கத்தினேன். நீ உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தாய், கேட்டிருக்க மாட்டாய்.

அவர் வந்தார். உனக்கு ஞாபகம் இருக்கும். ரயில் நகர்ந்துவிட்டது. முகமெல்லாம் கரி, தொப்பி எங்கேயோ விழுந்துவிட்டது, பிளாட்பாரத்தில் அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நீ சன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாய். அப்பா, விடுங்க, விட்டா நீங்களும் நேவியில சேந்துடுவீங்க போலிருக்கே என்று கத்தினாய். பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் அவர் விடவில்லை. நீயும் விடவில்லை. அதற்குப் பிறகு நீ வீட்டுக்கு வரவே இல்லை. அவர் உன்னைத் தொட்டது அதுதான் கடைசி. நடந்து வீடு திரும்பும்போது தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கிளெம் வந்துபோன இந்த மூன்று வாரமும் நான் அவரைப் பேசாமல் கொன்றேன். நீ சொல்லித்தானேடி ஓடி வந்தேன் என்று அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். அது தெரிவதுதான் தாங்கவில்லை.

அந்த ஏழு ஆணி இல்லாவிட்டாலும் கப்பல் பிளந்திருக்குமோ என்னவோ. அது யாருக்கும் தெரியாது, இனிமேல் தெரியப்போவதும் இல்லை. அதனால் அதை உன்னிடம் கேட்கவில்லை.

நீ இருக்கும் இடத்தில் குளிராமல் இருக்கட்டும். பசிக்காமல் இருக்கட்டும். இருட்டு மட்டும் வேண்டாம் என்று தினமும் சாமியிடம் கேட்கிறேன். சின்ன வயதில் உனக்கு இருட்டு பிடிக்காது.

என்றும் உன்னைப் பெற்றவள்,
ஐவி

கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஆனால் உன் அப்பா படியேறி வருகிறார். மூன்று வாரத்தில் இதுதான் முதல் தடவை. சட்டை மாற்றியிருக்கிறார். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்றுகூடக் கேட்காமல், என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உன் பதிலுக்குத்தான் நிற்கிறார். நான் இப்போது வாயைத் திறந்தாக வேண்டும். சீக்கிரம் சொல்லு கண்ணே, அன்றைக்கு அவர் உன்னைப் பார்க்க வராமலே இருந்திருக்கலாம் என்றா நீ சொல்வாய்?