காலி நாற்காலியின் சம்மதம்

பிப்ரவரி 4

ஹீட்டர் மறுபடி மக்கர். கம்பளிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். வளரும் நாடுகளின் ஆய்வாளர்களுக்கென்றே ஃபெல்லோஷிப் வைத்து வரவழைத்தவர்கள், எங்களுக்குக் குளிரும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் கூப்பிட்டார். நல்ல மனுஷர், கதவு வரை வந்து வரவேற்பார். என் ஆய்வுத் திட்டத்தைப் புரட்டிக்கொண்டே, "உங்க நாட்டு மீன் ஏற்றுமதியைப் பத்தி எழுதலாமே? உங்களை விட யாரால அதை நல்லா எழுத முடியும்?" என்றார்.

நான் எழுத வந்தது வேறு. எந்த மீனை எப்படிப் பதப்படுத்தி விற்கலாம் என்று உலகத்துக்கே விதி போடும் அமைப்பு இந்த ஊரில்தான் கூடுகிறது. ஓட்டெடுப்பு கிடையாது. தலைவர் "மறுப்பு உண்டா?" என்று கேட்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் சுத்தியலைத் தட்டுவார், விதியாகிவிடும். சின்ன நாடுகள் வாய் திறப்பதே இல்லை. ஏன்? அதுதான் என் கேள்வி.

"இங்க இருக்கறவங்க உலகத்தை ஆராயறாங்க. நாங்க மட்டும் எங்க வீட்டையே ஆராயணுமா சார்?" என்று மரியாதையாகவே கேட்டேன். சிரித்தார். ஏப்ரலில் இடைக்கால மதிப்பீடு, அதில் தேறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்பதையும் சிரித்தபடியே சொன்னார்.

தேறுவேன்.

பிப்ரவரி 6

வீட்டுக்காரர் போனில்: "உலகத்தை யார் ஆளுறாங்கன்னு கண்டுபிடிச்சியா?"

"இன்னும் இல்ல. நம்ம வீட்டை யார் ஆளுறாங்க?"

"எங்கம்மாதான். அதுக்கு ஆராய்ச்சி வேறயா?"

பின்னால் மகளின் சிரிப்புச் சத்தம்.

பிப்ரவரி 20

விதி போடும் அமைப்பின் கூட்டம், பார்வையாளர் மாடத்தில் முழு நாள். ஒரு குட்டித் தீவு நாட்டின் பிரதிநிதி — என்னை விடப் பத்து வயது மூத்திருப்பார், மனசுக்குள் தீவக்கா என்று பெயர் வைத்துவிட்டேன் — அடிக்கடி எழுந்து ஓடுகிறார். திரும்பி வரும்போது மூச்சு வாங்குகிறது. சலிப்பா? அலட்சியமா? இருக்காது. அது அவசரக்காரி நடை.

மார்ச் 12

நிறுவனத்துக்குள்ளேயே ஒரு ஒத்திகை உரை. ஒரு பேராசிரியர் கேட்டார்: "அவங்க பேசலைன்னா ஒத்துக்கிட்டாங்கன்னுதானே அர்த்தம்?"

'அப்புறம் சொல்றேன்'னு மைக்கைத் திருப்பிக் கொடுத்துட்டேன். இத்தனை நாள் மேல உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேனே, கீழ இறங்கி ஒரு வார்த்தை கேட்டேனா?

நாளைக்கே கேட்கிறேன்.

மார்ச் 13

கேன்டீனில் தீவக்கா எதிரே தட்டோடு போய் உட்கார்ந்தேன். ஆய்வாளர் என்று சொல்லி, எழுதினால் பெயர் வராது என்று உறுதி கொடுத்து, நேராகவே கேட்டேன்.

அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். "நான் ஒருத்திதான் என் நாட்டுக் குழு. ஒரே சமயத்துல மூணு அறையில கூட்டம் வைக்கறாங்க. நான் எந்த அறையில இருந்தாலும் மத்த ரெண்டுல என் நாற்காலி காலி. காலி நாற்காலி மறுப்புச் சொல்லுமா? சொல்லலைன்னா சம்மதம்னு எழுதிக்கறாங்க."

நான் மௌனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆளே இல்லை!

மார்ச் 30

தினமும் சின்ன நாடுகளின் பிரதிநிதிகளைப் பிடித்துப் பேசுகிறேன். முதலில் தயங்குகிறார்கள், பிறகு நிறுத்துவதில்லை. ஆளுக்கொரு மூலையில் எல்லாரும் அதே ஓட்டம்.

ஏப்ரல் 9

மதிப்பீடு. மூன்று அறைகளின் புகைப்படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன், எல்லாம் ஒரே மணி நேரத்தில் எடுத்தவை. காலி நாற்காலிகளைப் பார்த்ததும் அந்தப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இயக்குநர் விடவில்லை. "உங்க நாட்டைப் பத்தி ஒரு அத்தியாயமாவது?"

"ஒரு அடிக்குறிப்பு தரேன் சார்."

முதலில் சிரித்தவர் அவர்தான். தேறிவிட்டேன், ஃபெல்லோஷிப்பின் மீதி ஆறு மாதமும் உறுதி.

வீட்டுக்காரரிடம் சொல்லும்போதுதான் உறைத்தது — மகள் பரீட்சைக்கும் நான் அங்கே இல்லை, ரிசல்ட்டுக்கும் இருக்க மாட்டேன். "முடிச்சுட்டே வா. பாதியில வந்தீன்னா உன்னை வச்சு யார் சமாளிக்கறது?" என்றார். அழுதுகொண்டே சிரித்தேன்.

மே 17

தீவக்கா கேட்டார்: "மத்தவங்களுக்கும் இதே கதைதானா?"

ஆய்வாளர் உள்ளே புகுந்து குட்டையைக் குழப்பக் கூடாது. அதே சமயம், கேட்டவரிடம் பொய்யும் சொல்லக் கூடாது. "யார்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க மட்டும் இல்லக்கா," என்றேன். தமிழில் 'அக்கா' என்று வந்துவிட்டது. அர்த்தம் கேட்டார், சொன்னேன். தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார்.

மே 28

கேன்டீனில் தீவக்காவின் மேஜையில் அவரோடு இன்னும் மூன்று சின்ன நாட்டுக்காரர்கள். நான் தள்ளியே உட்கார்ந்தேன்.

ஜூன் 21

மகள் பாஸ்! கணக்கில்தான் அதிக மார்க். பாட்டிதான் முதலில் அழுதார்களாம்.

ஜூலை 3

மீன் குளிர்பதன விதி இன்று கூட்டத்துக்கு வந்தது. பெரிய குளிர்பதனக் கிடங்கு இல்லாத நாடுகள் ஏற்றுமதியையே மறந்துவிட வேண்டிய விதி. தீவக்கா இன்று ஓடவில்லை. மற்ற இரண்டு அறைகளையும் அந்த மூன்று நாட்டுக்காரர்களும் பிரித்துக்கொண்டார்களாம்.

"மறுப்பு உண்டா?" தலைவரின் கை சுத்தியலோடு உயர்ந்துவிட்டது.

"உண்டு," என்றார் தீவக்கா. "எங்களுக்கும் உண்டு. பக்கத்து அறைகள்ல இருக்கற மூணு நாடுகளுக்கும் உண்டு. அவங்க கையெழுத்து இதோ."

கூடத்தில் சலசலப்பு. சுத்தியல் சத்தமில்லாமல் மேஜைக்கு இறங்கியது. விதி மறுபரிசீலனைக்குத் திரும்புகிறது.

பார்வையாளர்கள் கைதட்டக் கூடாது. உள்ளங்கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அறைக்கு வந்து கடைசி அத்தியாயத்தைத் திறந்தேன். முதல் வரி: "சிறிய நாடுகள் மறுப்பதில்லை." நன்றாகத்தான் எழுதியிருந்தேன். அத்தியாயம் முழுவதையும் அழித்துவிட்டு, புதிதாக எழுத உட்கார்ந்தேன்.