இரண்டு கேமராவும் ஓர் ஆள்காட்டியும்

மே 6, செவ்வாய்

இரண்டு கேமராவும் வீட்டுக்கு வந்துவிட்டன. ஒன்று கம்பெனியே இரண்டு வாரத்துக்குக் கொடுத்தது. இன்னொன்று பாண்டி பஜாரில் வாடகைக்கு எடுத்தது. இரண்டுமே இந்த வருஷத்து உச்ச மாடல். பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும். விநாடிக்கு நூற்று இருபது படம். பட்டனை அழுத்துவதற்கு முந்தைய அரை விநாடியையும் சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். நான் கோட்டை விட்டாலும் அது விடாது.

அஸ்வத்துக்குக் கால் தரையில் இல்லை. நாலு வருஷமாக இரண்டு பேரும் கேமராக்களை அலசும் வீடியோ சேனல் நடத்துகிறோம், இவ்வளவு பெரிய ஒப்பீடு இதுதான் முதல். "இது ஓடிச்சுன்னா ரெண்டு பேரும் வேலைய விட்டுடலாம் மது" என்றான். நான் மனசுக்குள் ஏற்கெனவே விட்டாச்சு.

மே 8, வியாழன்

அடையாறு முகத்துவாரம். காலை ஆறரைக்கே போய்விட்டோம். அங்கே வலை வீசும் டில்லிபாபுவை முன்பே தெரியும். "அந்தாண்ட போவாதம்மா. ஆள்காட்டி முட்ட வச்சிக்கினு கீது" என்றார். அவர் எச்சரித்தார். எங்கள் காதில் அது விலாசமாக விழுந்தது.

கூடு என்று ஒன்றும் இல்லை. கல்லும் கிளிஞ்சலுமாக ஒரு மேடு, அதில் மண் நிறத்தில் நாலு முட்டை. கிட்டே போனால் பறவை கத்திக்கொண்டு எழும்பி நேராக முகத்துக்கு வருகிறது. கண்ணருகே சிவப்புச் சதை, மஞ்சள் கால். பறக்கும்போது கேமரா கண்ணைப் பிடிக்கிறதா என்று பார்க்க இதைவிட வாகான இடம் கிடையாது. அஸ்வத் போவான். அது எழும்பும். நான் எடுப்பேன். அது திரும்பி வந்து உட்காரும். அடுத்த கேமரா.

வெயில் ஏறியதும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த கம்பெனி கேமரா சூடாகி நின்றுவிட்டது. ஈரத்துண்டு போர்த்திக் குடை பிடித்தோம். அந்தப் பறவையும் தண்ணீரில் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்கார்ந்தது. அஸ்வத் மறுபடியும் போனான்.

பதினொன்றே காலுக்கு இரண்டு காக்கா. ஒன்று பறவையைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போனது, மற்றது முட்டையைக் கொத்தியது. நாலும் போயிற்று. நான் விரலை எடுக்கவே இல்லை.

திரையைப் பார்த்துவிட்டு, "இதான் மது நம்ம வீடியோவுக்கு தம்ப்நெயில்" என்றான் அஸ்வத்.

டில்லிபாபு வலையைச் சுருட்டிக்கொண்டு எங்களைப் பார்க்காமல் போனார்.

மே 9, வெள்ளி

சாப்பிடப் பிடிக்கவில்லை. காக்கா மூக்கில் ஒழுகும் மஞ்சள் அவ்வளவு துல்லியமாக இருக்கிறது.

மே 10, சனி

அஸ்வத் ஸ்கிரிப்ட் அனுப்பியிருக்கிறான். 'இயற்கை எவ்வளவு கொடூரமானது பாருங்கள்' என்று ஆரம்பிக்கிறது. போன் பண்ணினேன்.

"அங்க இயற்கை எங்கடா இருந்துது? நீயும் நானும்தானே இருந்தோம்?"

"காக்கா வந்ததுக்கு நான் என்ன பண்றது? எமோஷனல் ஆகாத மது."

சீ. இவனோடா நாலு வருஷம் உட்கார்ந்து வேலை பார்த்தேன்? முட்டையில் உட்காரப் போன பறவையைத் திரும்பத் திரும்ப விரட்டியவன். கொஞ்சங்கூடக் கூசாதா? நான் படம் மட்டும்தான் எடுத்தேன்.

மே 13, செவ்வாய்

எடிட்டிங்குக்காக இரண்டு கேமராவின் ஒலியையும் பொருத்த உட்கார்ந்தேன். ஹெட்போனில் முழுசாகக் கேட்டேன்.

நாலாவது தடவைக்கே அஸ்வத் சொல்கிறான்: "போதும் மது, பாவம், ரொம்பக் கத்துது."

அடுத்து ஒரு பெண் குரல்: "கத்தட்டும், சவுண்ட் நல்லா இருக்கு. இன்னும் ஒரே ஒரு தடவ போ."

என் குரல்.

அப்புறமும் நான்தான். 'இதுல கண்ணு விட்டுடுச்சு, திருப்பிப் போ.' 'உக்காரட்டும்... இப்ப போ.' எண்ணினேன். நான் சொல்லி ஒன்பது தடவை போயிருக்கிறான். ஒரு இடத்தில் சிரிக்கிறேன் வேறு.

எனக்கு எப்படி இது ஞாபகமே இல்லை? நிஜமாகவே இல்லையா, வேண்டாம் என்று நானே ஒதுக்கி வைத்தேனா? மூணு நாளாக அவனைக் காறித் துப்பிக்கொண்டிருந்தேன்.

மே 14, புதன்

அசோக் நகரில் அவன் வீட்டுக்குப் போய்ப் போட்டுக் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்கு ஞாபகம் இருந்துது" என்றான்.

"அப்புறம் ஏண்டா நான் திட்டறப்ப சும்மா இருந்த?"

"போனது நான்தானே. நீ சொன்னா நான் போவணும்னு இருக்கா என்ன?"

நான் சொன்னேன், காக்கா வேண்டாம், ஒப்பீடும் வேண்டாம், நம் குரல் இருப்பதை அப்படியே போடலாம் என்று. கம்பெனிக்கு என்ன சொல்வது என்று கேட்டான். கேமரா நன்றாக வேலை செய்தது என்று சொல்லு, அதில் பொய் இல்லை என்றேன்.

மே 19, திங்கள்

போட்டாயிற்று. கம்பெனிக்காரர் மரியாதையாகப் பேசிக் கேமராவை வாங்கிக்கொண்டார். இனி கூப்பிட மாட்டார்.

திட்டுகிறவர்கள் திட்டட்டும். வேறொன்றுதான் தாங்கவில்லை. பறவை எழும்பும் இடத்தை நிறுத்திப் பார்த்துவிட்டு இருபது பேருக்கு மேல் கேட்டிருக்கிறார்கள்: 'மேடம், இது எந்த கேமரா? செம ஷார்ப்.' நாலு பேர் இடம் எங்கே என்கிறார்கள்.

மே 25, ஞாயிறு

டில்லிபாபுவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "என்னாண்ட எதுக்கும்மா கேக்குற" என்றார். என் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் டில்லிபாபு போன்.

"ஏம்மா, அது திரும்ப வச்சிக்கீது. மூணு. முன்ன வச்ச எடம் இல்ல. நீ மட்டும் வந்து தூரக்க நின்னு பாத்துட்டுப் போறதுன்னா சொல்றேன்."

வாடகைக் கேமராவையும் அப்போதே திருப்பிக் கொடுத்தாயிற்று. என் பழையது அலமாரியில்தான் இருக்கிறது. அதன் லென்ஸ் எவ்வளவு தூரம் எட்டும் என்று அந்த நொடியிலேயே கணக்குப் போட்டுவிட்டேன்.

"எடத்த சொல்லாதீங்கண்ணே. தெரிஞ்சா வந்துடுவேன்" என்றேன்.

"சரிம்மா," என்றார். "நான் பாத்துக்கறேன்."