கொட்டகைக்குள் தூங்கிய பனிவண்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நாயின் கால் புண் ஆறிவிட்டதா? நானும் நம் பனிமான்களும் நலம்.

பயப்படாமல் படி. நேற்றுக் காலை அப்பாவின் பழைய பனிவண்டி கொஞ்சம் விளையாட்டுக் காட்டியது. ஆக்சிலேட்டரை அழுத்திவிட்டு விரலை எடுத்தேன். அழுத்திய பிடி பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. வண்டி சினை மான்களை நோக்கிச் சீறியது. எஞ்சினை அணைக்கும் சிவப்புப் பொத்தானைக் குத்தி நிறுத்திவிட்டேன். யாருக்கும் ஒன்றுமில்லை.

பக்கத்து மந்தைக்கார ஆந்தே வந்து வண்டியைப் பார்த்துச் சிரித்தான். "இந்தக் கிழவியக் கட்டிக்கிட்டு இன்னும் எத்தன நாளு அழுவே, ரிஸ்தென்? மந்தைய எங்கிட்ட விட்டுட்டு வீட்டுக்குப் போ."

"காபியக் குடிச்சிட்டு மொதல்ல நீ கெளம்பு" என்றேன்.

ஆக்சிலேட்டர் கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். அது இழுக்கும் கார்புரேட்டர் வால்வு சுலபமாக அசைந்தது. கேபிளுக்குள்தான் தண்ணீர் உறைந்து இறுகியிருந்தது.

"வண்டிய நீ படுக்குற கொட்டகைக்குள்ளயா வெச்சே? பனி உருகி உள்ள எறங்கும், வெளிய வந்ததும் உறையும். சின்னப் புள்ளைக்கும் தெரியுமே!" என்றான் ஆந்தே.

"குளிருச்சு."

"யாருக்கு, வண்டிக்கா?"

கேபிளை அடுப்பருகே உலர்த்தி, மெல்லிய எண்ணெய் விட்டு மாட்டினேன். இப்போது விரலை எடுத்ததும் டக்கென்று திரும்புகிறது. கடைசிக் கன்று பிறக்கும்வரை நான் இங்கிருந்து நகரப் போவதில்லை. அவனிடமும் சொல்லிவிட்டேன்.

உலர்ந்த இறைச்சி நிறைய இருக்கிறது, அனுப்பாதே. உன் சமையலறை ரேடியோவை மட்டும் அனுப்பு. பாட்டுகூட வேண்டாம், யாராவது பேசினால் போதும். வண்டியை இனி வெளியேதான் நிறுத்த வேண்டும். கொட்டகைக்குள் அது நின்ற இடம் வெறிச்சென்று இருக்கிறது.

மான்கள் மேடேறுகின்றன, ஓடுகிறேன்.

உன் ரிஸ்தென்