மூடியைக் கழற்றி மந்திரித்த கம்ப்யூட்டர்

நாசிக், பிப்ரவரி 1999

அன்புள்ள வியாகுலத்துக்கு,

வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியாரிடம், தீர்த்தம் உள்ளேயும் படட்டும் என்று கம்ப்யூட்டர் மூடியைக் கழற்றிக் காட்டினாயே, அது பெரிய தப்பு. மற்றபடி நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நானே புத்தகம் பார்த்துப் பாகம் பாகமாகப் பூட்டிய கம்ப்யூட்டர் அது. இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு நம் கோயிலில் போடும் பாஸ்கா நாடகத்தின் வசனம் முழுவதும் அதன் டிஸ்க்கில் மட்டுமே இருக்கிறது. படிக்க முடியவில்லை என்று திரையில் வந்ததும், டிஸ்க் செத்துவிட்டது, தூக்கிப் போடுங்கள் என்றானாமே காரைக்குடிக் கம்ப்யூட்டர் கடைக்காரன்!

நேற்று வேலை முடிந்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசியபோது, நம் மகள் வின்சியிடம் ரிசீவரை டிஸ்க் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன். கெட்ட டிஸ்க் டொக் டொக் என்று தட்டும். இது சீராக ஓடுகிறது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள், நான் நகரவில்லை. தண்ணீர் உள்ளே போனதுதான் கோளாறு என்றதும் நீ வின்சியிடமிருந்து போனைப் பிடுங்கினாய்.

"சாமியார் தெளிச்ச தீர்த்தத்தையா குத்தஞ் சொல்றீக? வயசாக வயசாக வாய்க்கொழுப்புக் கூடுது."

"தீர்த்தத்தைச் சொல்லலடி, திறந்த மூடியைச் சொல்றேன்."

டிஸ்க் ஒரு நேரம் திறக்கிறது, ஒரு நேரம் திறக்கவில்லை என்கிறாள் வின்சி. அப்படியானால் ஈரத்தில் டிஸ்க்கை இணைக்கும் ஒயரின் முனைதான் துருப்பிடித்திருக்கிறது.

வின்சி கரண்டை நிறுத்திவிட்டுப் புது ஒயர் மாட்ட வேண்டும். மருமகன் ஜெரால்டு டிஸ்க்கைக் கடைக்காரனிடம் கொடுக்கக் கூடாது; திறந்ததும் நாடகத்தை பிளாப்பியில் எடுத்து வைக்க வேண்டும். யாராவது இங்குட்டு நாசிக் பக்கம் வந்தால் மல்லிப்பொடி கொடுத்துவிட வேண்டும். நீ உன் கையாலேயே பதில் எழுத வேண்டும். தப்பை ஒத்துக்கொள்ளாவிட்டால் போகட்டும், சண்டை போட்டாவது இரண்டு பக்கம் எழுது.

உபகாரசாமி