லிஃப்ட்காரரைப் பத்தி நீ கேட்ட கேள்வி

என் அன்பு வாலுவுக்கு,

அப்பா எழுதறேன். இங்கே எல்லாரும் சுகம், அம்மாவோட முழங்கால் மட்டும் எங்க கூட்டணியில சேர மாட்டேங்குது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நிம்மதியாத் தூங்கி எழுந்து இதைப் படிக்கிறேன்னு நினைச்சுக்கறேன். மாடி வீட்டுக் குழாய் ஒழுகி நம்ம சமையலறைச் சுவர்ல கறை பிடிச்சிருக்கு, யாரைக் கூப்பிட்டுக் காட்டறதுன்னு ரெண்டு நாளா வீட்டுல அதுதான் சண்டை. அதுக்கு நடுவுல உன் கடிதம் வந்துச்சு, சண்டை அப்படியே நின்னு போச்சு. பிடுங்கிப் பிடுங்கிப் படிச்சோம். உங்க ஆபீஸ் கட்டடத்துல லிஃப்ட் பழுது பாக்க வர்றவர், ஞாயித்துக்கிழமை ஏரிக்கரைப் பக்கம் நடந்துட்டு வரலாமான்னு கேட்டாராம். போகலாமாப்பா, நீங்களே சொல்லுங்கன்னு எழுதியிருக்கே. முதல்ல எனக்கு இதைச் சொல்லு, ஆளு எப்படி? நீ பேசும்போது கையில இருக்கற ஸ்பேனரைக் கீழே வெச்சுட்டுக் கேக்கறாரா, இல்ல முடுக்கிக்கிட்டே தலையாட்டறாரா? நீ சொன்ன ஜோக்குக்குச் சிரிக்க அவருக்கு அரை நிமிஷம் ஆச்சுன்னு எழுதியிருக்கியே, அந்த அரை நிமிஷம் நீ என்ன பண்ணினே? அதை விடு, நீ ஜோக் சொன்னியா! நீ விட்டுட்டு வந்த அந்தப் புருஷன் வீட்டுல இருந்த நாலு வருஷமும் நீ வாயைத் திறக்கவே யோசிச்சவ. அம்மா என் தோளுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, செருப்பை ஜோடியாக் கழட்டி விடற ஆளான்னு கேளுங்கங்கறா. அவளுக்கு ஒரு மனுஷனை எடைபோட அது போதும்.

ஆனா உன் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போறதில்லை. கோவிச்சுக்காதே, காரணம் இருக்கு. செவ்வாய்க்கிழமை நம்ம கண்ணாடிக் கடைக்கு ஒரு அம்மா வந்தாங்க, ஹாஸ்டல்ல சமைக்கிறவங்க. நாற்காலியில உக்கார வெச்சு, லென்ஸை மாத்தி மாத்திப் போட்டு, இது தெளிவா, முன்னே போட்டது தெளிவான்னு கேக்கறேன், ரெண்டும் நல்லாத்தான் இருக்குங்கறாங்க. வெறும் சுவரைக் காட்டினாலும் அதையேதான் சொல்லியிருப்பாங்க. ஏம்மா இப்படின்னேன். நான் என்ன சொன்னாலும் வீட்டுல தப்புங்கறாங்க, நீங்களே ஒண்ணைப் பாத்துப் போட்டுக் குடுத்துடுங்க சார்னாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. உங்க கண்ணுக்குள்ள பூந்து என்னால பாக்க முடியாதும்மா, நீங்க சொல்றதுதான் எனக்கு வேதவாக்கு, இங்கே தப்பான பதிலே கிடையாதுன்னேன். முக்கால் மணி நேரம் ஆச்சு. கடைசியில தயங்கித் தயங்கி, மூணாவதாப் போட்டதுன்னாங்க. அதையே போட்டுக் கொடுத்தேன்.

அவங்க போனதும் எனக்கு அடுத்த வேலை ஓடலை. மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு மத்தியானம் நீயும் அதே நாற்காலியில வந்து உக்காந்தே. அப்பா, அவர் அடிக்கலை, கத்தக்கூட இல்லை, ஆனா நான் கண்ணால பாத்ததையே இல்லைங்கறார், எதுக்குமே துப்பில்லாதவன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றார், கேட்டுக் கேட்டு எனக்கும் அப்படித்தானோன்னு ஆயிடுச்சுன்னு சொன்னே. நான் லென்ஸைத் துடைச்சுக்கிட்டே, அதெல்லாம் உனக்கா தோணுதும்மா, மனசுல போட்டு உழப்பிக்காதேன்னேன். உடனே அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அவர் இடது கண்ணு மங்கலாத் தெரியுதுன்னார், சரின்னு எழுதிக்கிட்டேன். முன்னப்பின்னத் தெரியாதவர் சொன்னதை ஒரே வார்த்தையில நம்பினேன், பெத்த பொண்ணு சொன்னதை நம்பலை. அதுக்கப்புறம் இன்னொரு வருஷம் நீ அங்கேயே கிடந்தே. போன்ல சொல்ல நாலு தடவை பாத்தேன், வாய் வரலை, அதான் கடிதம். தப்பு என்னோடதும்மா. என்னை மன்னிச்சுடு.

இப்போ நீ ஜன்னல் துணி என்ன நிறத்துல வாங்கறதுன்னுகூட எனக்குப் போன் போடறே. உனக்குத் தெரியாம இல்லை, தெரிஞ்சதைச் சொல்ல பயம். அந்த பயத்துல உன் பழைய புருஷனுக்கு எவ்வளவு பங்கோ எனக்கும் அவ்வளவு பங்கு உண்டு. அதனால ஞாயித்துக்கிழமை போறதும் போகாததும் உன் இஷ்டம். போனா, அந்த மனுஷனை நீ எப்படிப் பாத்தேன்னு எழுது. பிடிச்சாலும் எழுது, பிடிக்கலைன்னாலும் எழுது. எதுவானாலும் அப்படியே எடுத்துக்கறேன், ஏன் எதுக்குன்னு குடைய மாட்டேன். குடையாம இருக்கறது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு உனக்கே தெரியும்.

நீ தலை நிமிர்ந்து, மனசு நிறைஞ்சு, நீண்ட நாள் நல்லா இருக்கணும்னு நானும் அம்மாவும் வாழ்த்தறோம். இரும்புச்சத்து மாத்திரையை விட்டுடாதே, டீ குடிச்ச கையோட போடாதே.

நீ சொன்னதை மூணு வருஷம் கழிச்சு நம்பற,
உன் அப்பா