உன் காகிதங்களை அப்பா கட்டிய விதம்

ஓசூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள கவிப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லாமல் இருக்கிறோம், அகமதாபாத் வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். நீ கேட்ட காகிதப் பெட்டியின் மேலேயே இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன், படித்து முடிக்கும்வரை கீழே எதையும் பிரிக்காதே. போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ கத்துவாய், ஒற்றை அறை வீட்டில் அது அப்பா காதிலும் விழும்.

இந்த முறை மழை விடவேயில்லை. கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் சுவர் முழுக்க ஊறிவிட்டது. வீட்டு ஓனர் ராஜசேகர் வந்து தடவிப் பார்த்துவிட்டு, "ஈரமெல்லாம் இல்லம்மா, பெயிண்டு கலரே அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். உன் வண்ணக் காகிதப் பட்டைகளை நிறவாரியாகப் பிரித்து, நீ வைத்திருந்த பைப் துண்டுகளுக்குள்ளேயே செருகி பீரோ மேல் ஏற்றினேன். கலர் அட்டைகளை பிளாஸ்டிக் உறைகளில் போட்டேன். கண்காட்சிக்காக நீ சேர்த்து வைத்த பெரிய வெள்ளைத் தாள்களைத்தான் எங்கே வைப்பதென்று தெரியவில்லை, மடிக்கவும் கூடாது சுருட்டவும் கூடாது என்று நீ கண்டிப்பாகச் சொல்லியிருந்தாய். அவை கட்டிலுக்கடியில் பலகை மேலேயே இருந்தன, ஓரம் லேசாகச் சுருளத் தொடங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து மாமா வீட்டு விசேஷத்துக்கு ஜவளகிரி போய் வந்தேன். திரும்பி வந்தால் கட்டில் மேல் ஒரு மரப்பெட்டி, நான்கு பக்கமும் பட்டை போட்டு இறுக்கியிருந்தது. விடுமுறை நாளில் அப்பா தனியாக உட்கார்ந்து கட்டியிருக்கிறார். கம்பெனியில் கியர்களைச் சுற்றி அனுப்புவார்களே, துருப்பிடிக்காமல் இருக்க, பழுப்பாக ஒரு தாள், அதில் மீந்த துண்டுகளை சூப்பர்வைசரிடம் கேட்டு, கம்பெனி வாசலில் பாஸ் போட்டு வாங்கி வந்திருக்கிறார். ஒவ்வொரு வெள்ளைத் தாளுக்கும் நடுவில் ஒன்று வைத்திருக்கிறார். "இரும்பே இதுல சுத்தி கப்பல்ல போயி புதுசா எறங்குது, காயிதம் கெட்டுடுமா? பெட்டியத் தொறந்து பாத்து அசந்து போவா பாரு" என்றார். ஒரு வாரமாக, கூரியர் எப்போது போகும், எப்போது பிரிப்பாய் என்று அதே பேச்சு.

நீ கத்தரிக்கோலையும் சேர்த்து அனுப்பச் சொன்னதால் இன்று காலை பட்டையை அறுத்தேன். திறந்ததுமே எண்ணெய் வாடை. அந்தத் தாள் இரும்பைக் காப்பதே அதில் ஊறியிருக்கும் எண்ணெயால்தான். வெள்ளைத் தாள்கள் எல்லாவற்றிலும் அது இறங்கி, பஜ்ஜி வைத்த பேப்பர் மாதிரி ஆகிவிட்டது. ஒன்றுகூடத் தப்பவில்லை. அவர் கூடவே வைத்திருந்த, உறையில் இருக்கும் கலர் அட்டைகளும் பைப்பில் செருகிய பட்டைகளும் மட்டும் நன்றாக இருக்கின்றன. "காயிதம் வெட்றதுக்கு ஒரு படிப்பா" என்று அவர் சொன்னதற்காக ஜூன் மாதத்திலிருந்து நீ அவரிடம் பேசுவதில்லை. அவர் வாயால் கேட்கத் தெரியாத மன்னிப்பைத்தான் இப்படிப் பட்டை போட்டுக் கட்டியிருந்தார் என்று எனக்குப் புரிகிறது, பெட்டியைத் திறக்கும் உனக்கு அது எப்படிப் புரியும்?

இதுவரை எழுதியிருந்தபோது அப்பா முதல் ஷிப்ட் முடிந்து வந்துவிட்டார். தாள்களை மறைக்க எனக்கு நேரமில்லை. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "நான்தான் பண்ணேன்னு எழுதிட்டியா?" என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். "இந்தத் தாளுங்களையும் பெட்டியிலயே போடு. பாக்கட்டும். இன்னொருத்தர் சொல்லி மட்டும் அவளுக்குத் தெரிய வேணாம்" என்றார். பிறகு ஒரு தாளின் மூலையைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வருகிற வியாழக்கிழமை அவருக்கு விடுமுறை, நீ வாங்கிய அந்தக் கடைக்கே பெங்களூர் போகப் போகிறாராம். "வெள்ளையில என்னா வெள்ளை, எத்தன தடிமன்னு அவளக் கேட்டுச் சொல்லு முனி" என்றார்.

ஐந்து மாதமாக, "அவ சாப்பிட்டாளான்னு கேளு" என்று அவரும், "மாத்திரை போட்டாரான்னு கேளு" என்று நீயும், இரண்டு பக்கமும் நான் சுமந்தது போதும் கவி. அதற்கு மேல் அவர் பேசுவதற்குள், "எனக்குத் தெரியாது, நீங்களே அவளைக் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். "சரி, கடையில நின்னு நானே கூப்புடறேன்" என்றார். எனக்குத் தெரியாமலா இருக்கும், ஒவ்வொரு முறையும் உன்னோடு அந்தக் கடைக்கு வந்தவள் நான்தானே. இருந்தாலும் சொல்லப் போவதில்லை. உனக்குக் கோபம் வரும், வரட்டும், அதையும் அவரிடமே சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் டீயில் ஓட்டாதே. எடுத்த வேலை நல்லபடியாக முடிந்து உன் கைத்திறன் மேலும் உயர வேண்டும், நீ நிறைவாக வாழ வேண்டும். மறக்காதே, வியாழக்கிழமை காலை அவர் கடையில் நின்றுகொண்டு உன்னைக் கூப்பிடுவார், வகுப்பில் இருந்தாலும் வெளியே வந்து போனை எடு.

உன் அம்மா,
முனிலட்சுமி